பில் கட்டும் மூன்றாவது ஆள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில், எங்கள் தெருமுனையில் ஒரு டீ ரூம் இருக்கிறது. டர்பனைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே டீ ரூம் என்றால் டீ கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. ரொட்டி, பால், போன் ரீசார்ஜுக்கான ஏர்டைம், மெழுகுவத்தி, அவசரத்துக்கு ஒரு கட்டு கொத்தமல்லி எல்லாம் விற்கும் மூலைக்கடைக்குத்தான் அந்தப் பெயர். இந்தக் கடையின் பெயர்ப்பலகை நல்ல நீளம். இரண்டு முனையிலும் ஒரு கூல்டிரிங்க் கம்பெனியின் சின்னம். நடுவில் மிச்சம் இருக்கும் இடத்தில், கொஞ்சம் ஒடுங்கிய எழுத்தில், கடையின் பெயர்.

கோயில் மண்டபத்தில் நாங்கள் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், கடை அங்கிளோடது. போர்டுல கூல்டிரிங்க் பேரு ஏன் பெருசா இருக்கு?"

அங்கிளையே கேட்டேன். "அவங்களே லாரில கொண்டுவந்து மாட்டிட்டுப் போனாங்க டீச்சர். ஒரு சென்ட் வாங்கலையே" என்றார். உள்ளே இருக்கும் கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜும் அவர்கள் கொடுத்ததுதானாம். ஒரே நிபந்தனை, அதில் அவர்கள் சரக்கை மட்டும்தான் வைக்க வேண்டும். அங்கிள் கீழ்த்தட்டின் ஓரத்தில் தன் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை வைத்திருக்கிறார். அதை இதுவரை யாரும் கண்டுகொள்ளவில்லை.

எந்தக் கம்பெனி என்று நான் சொல்லவில்லை. பலகை சிவப்பு என்று மட்டும் சொன்னால் உங்களுக்கே பெயர் வந்துவிடும். ஒரு நிறத்தைக் கேட்டதும் ஒரு கம்பெனியின் பெயர் நாக்கு நுனிக்கு வருகிறதே, அதை உங்களுக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. நீங்களும் படிக்க வேண்டும் என்று உட்காரவில்லை. இது எப்படி நடந்தது, இதற்கு யார் காசு கொடுத்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பழையது எது, புதியது எது

'பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு' என்பார்கள். வாசனையே கூப்பிட்டுவிடும் என்பது அதன் பொருள். ஆனால் பூக்கடை இல்லாத மற்ற எல்லாக் கடைக்கும் ஏதோ ஓர் அடையாளம் எப்போதுமே வேண்டியிருந்தது. பட்டினப்பாலையில் வரும் காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்கும் இடத்தில் கொடி பறக்கிறது. சீனாவில் சோங் வம்சக் காலத்து வெண்கல அச்சுத்தகடு ஒன்று இன்றும் இருக்கிறது. ஜினான் ஊரில் ஊசி விற்ற லியூ குடும்பத்துக் கடையுடையது. நடுவில் ஒரு வெள்ளை முயல். வாசலில் இருக்கும் முயலைப் பார்த்துக் கடையைத் தெரிந்துகொள்ளுங்கள் என்ற வாசகம். பெயர், சின்னம், தரத்தைப் பற்றிக் கொஞ்சம் பெருமை, மொத்தமாக வாங்கினால் சலுகை. இன்றைக்கு ஒரு விளம்பரத்தில் இருப்பதில் பாதிக்கு மேல் அதிலேயே இருக்கிறது.

ஆகவே 'நான் இங்கே இருக்கிறேன், வாங்க' என்று கூவுவது புதிய கண்டுபிடிப்பு கிடையாது. தண்டோராவும் கொடியும் செய்த வேலைதான் அது. புதுமை வேறு இடத்தில் நடந்தது, அதுவும் ரொம்பச் சமீபத்தில்.

1833 செப்டம்பர் 3 அன்று நியூயார்க்கில் பெஞ்சமின் டே என்ற அச்சகக்காரர் 'தி சன்' என்ற தினசரியைத் தொடங்கினார். அன்றைக்கு மற்ற பத்திரிகைகள் 6 சென்ட். இவர் வைத்த விலை 1 சென்ட். செய்தி திரட்டி அச்சடிக்கும் செலவுக்கு அது பத்தாது. ஆனால் மலிவாக இருந்ததால் கூலிக்காரர்களும் கடைப்பையன்களும்கூட வாங்கினார்கள். வாசிப்பவர் கூடக் கூட, அவர்கள் கண்ணில் பட வேண்டும் என்று வியாபாரிகள் வந்தார்கள். வாசகர் தராத பணத்தை வியாபாரி தந்தார். மூன்று வருடம் கழித்துப் பாரிஸில் எமில் ட ஷிரார்தென் தன் 'லா பிரெஸ்' பத்திரிகைக்கு மற்றவர்கள் வாங்கிய ஆண்டுச் சந்தாவில் பாதிதான் வைத்தார். 80 ஃபிராங்க் இருந்த இடத்தில் 40. கணக்கு அதேதான்.

விளம்பரம் என்ற புதுமையின் உயிர்நாடி இது. பொதுவாக ஒரு வியாபாரத்தில் இரண்டு பேர்தான்: விற்பவர், வாங்குபவர். இப்போது மூன்றாவது ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்து, 'உங்கள் பில்லை நான் கட்டுகிறேன்' என்கிறார். சாப்பாட்டுக் கடையில் முன்பின் தெரியாத ஒருவர் நம் பில்லைக் கட்டினால் நமக்கு உடனே சந்தேகம் வரும், இல்லையா? பத்திரிகையில் வருவதில்லை. அவர் கட்டுவதே நமக்குத் தெரிவதில்லை.

அவருக்கு என்ன லாபம்? நம் கவனம். பத்திரிகைக்காரர் நமக்குச் செய்தியை விற்கிறார். அதே நேரம் நம்மை, அதாவது நம் கண்ணையும் காதையும், அவரிடம் விற்கிறார். ஒரே கடையில் இரண்டு வியாபாரம்.

வாசலில் விழும் பத்திரிகை

எங்கள் பகுதியில் வாரத்துக்கொரு முறை ஓர் இலவசப் பத்திரிகையை கேட்டுக்கு உள்ளே எறிந்துவிட்டுப் போவார்கள். அதைக் கையில் எடுத்து உதறினால் உள்ளேயிருந்து சூப்பர்மார்க்கெட்டுகளின் 'ஸ்பெஷல்' தாள்கள் மடமடவென்று விழும். எண்ணெய் 2 லிட்டர், அரிசி 10 கிலோ, கோழி. எல்லாம் 99 சென்ட்டில் முடியும் விலை. ஒரு சனிக்கிழமை அந்தப் பத்திரிகையை வகுப்புக்கு எடுத்துப் போய், விளம்பரமே இல்லாத பக்கங்களை எண்ணச் சொன்னேன். 24 பக்கத்தில் 3 தேறியது. அதில் ஒன்று கால்பந்து.

குழந்தைகள் சிரித்தார்கள். ஆனால் அந்த 21 பக்கம் இல்லாவிட்டால் பக்கத்துத் தெருவில் தண்ணீர் எப்போது வரும், எந்தப் பள்ளிக்கூடத்துப் பெண் நீச்சலில் ஜெயித்தாள், எந்தக் கோயிலில் காவடி என்பது எதுவும் அந்த 3 பக்கத்தில் வந்திருக்காது. விளம்பரத்தைத் திட்டும்போது இதை மறந்துவிடக் கூடாது என்று நான் நினைக்கிறேன். ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் ஓர் ஆயாவுக்குக் காசில்லாமல் ஊர்ச் செய்தி கிடைக்கிறது. அதற்குப் பணம் கொடுப்பது கோழி விற்பவர்.

அந்தத் தாள்களை நம்பிப் போய் நான் ஏமாந்ததும் உண்டு. ஒரு தீபாவளிக்கு முன்பு முறுக்கு சுட எண்ணெய் வாங்கலாம் என்று காலை எட்டு மணிக்கே ஒரு கடைக்குப் போனேன். 'தீர்ந்துவிட்டது மா' என்றார்கள். தாளின் அடியில் கடுகு அளவு எழுத்தில் 'இருப்பு உள்ளவரை' என்று இருந்தது. பக்கத்திலேயே ஸ்பெஷல் இல்லாத எண்ணெய் மலைபோல் அடுக்கியிருந்தார்கள். வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் அதை வாங்கிக்கொண்டு வந்தேன். தாள் தன் வேலையைச் செய்துவிட்டது. கடைக்கு என்னைக் கொண்டுவருவதுதான் அதன் வேலை.

சரி, மூன்றாவது ஆளே வேண்டாம் என்று ஒரு பத்திரிகை சொன்னால்? அதையும் இதே ஊரில் செய்து பார்த்திருக்கிறார்கள்.

1903 ஜூன் 4 அன்று டர்பனில் 'இந்தியன் ஒப்பீனியன்' தொடங்கியது. ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நான்கு மொழி. காந்தி அதன் பின்னால் நின்றார். ஆரம்பத்தில் மற்றவர்களைப் போலவே விளம்பரம் வாங்கினார்கள். அச்சகத்தில் வெளி வேலையும் எடுத்துச் செய்தார்கள். அப்படியும் கையைக் கடித்தது. தன் வக்கீல் வருமானத்திலிருந்து மாதம் 75 பவுண்டுவரை அனுப்ப வேண்டியிருந்தது என்று காந்தியே எழுதியிருக்கிறார். 1904-இல் அச்சகத்தை, டர்பனுக்கு வெளியே காந்தி அமைத்த ஃபீனிக்ஸ் பண்ணைக்கு மாற்றினார்கள். பிறகு ஒரு கட்டத்தில் காந்தி விளம்பரத்தையே நிறுத்திவிட்டார். எந்த விளம்பரத்தை ஏற்பது, எதை மறுப்பது என்ற சங்கடம். விளம்பரம் தருபவர்களைத் தாஜா செய்ய வேண்டியிருந்த சங்கடம். நல்ல ஆட்கள் சிலர் இந்த வேலையிலேயே மாட்டிக்கொண்டது. இவைதான் காரணங்கள். சமூகத்துக்குப் பத்திரிகை வேண்டும் என்றால் சமூகமே சந்தா கட்டித் தாங்கட்டும் என்பது அவர் எண்ணம். ஒரு காலத்தில் சந்தாதாரர்கள் 3,500 பேர்வரை இருந்தார்கள்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அப்படி நடத்த ஒரு பண்ணையும், குறைந்த கூலிக்கு அங்கேயே தங்கி எழுத்துக் கோத்தவர்களும், கூடவே ஒரு காந்தியும் வேண்டியிருந்தது. தமிழ்ப் பகுதி அதற்கு முன்பே, 1906-இல், நின்றுபோயிருந்தது. மற்றப் பத்திரிகைகள் ஏன் அந்த வழியில் போகவில்லை என்று நான் ஆச்சரியப்படுவதில்லை.

காற்றில் வந்தது

அச்சுக்கு அடுத்தது வானொலி. வானொலியில் சிக்கல் இன்னும் பெரிது: பத்திரிகையைப் போல ஒவ்வொரு முறையும் கேட்பவரிடம் காசு வாங்க வழி இல்லை. 1922 ஆகஸ்டில் நியூயார்க்கின் டபிள்யூஈஏஎஃப் நிலையம் ஒரு வீடு கட்டும் கம்பெனிக்கு நேரத்தை விற்றது. அடுக்குமாடி வீடுகளைப் பற்றி ஒருவர் நிதானமாகப் பேசினார், அவ்வளவுதான். காற்றையே துண்டு போட்டு விற்கலாம் என்று தெரிந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில் ஸ்பிரிங்பாக் ரேடியோ 1950 மே 1 அன்று முதல் வணிக வானொலியாக வந்தது. சோப்புக் கம்பெனிகளும் மருந்துக் கம்பெனிகளும் தொடர்நாடகங்களுக்குப் பில் கட்டின.

தொலைக்காட்சி மட்டும் இங்கே வரவேயில்லை. உலகம் நிலாவில் மனிதன் நடந்ததைப் பார்த்தபோது நாம் பார்க்கவில்லை. தபால் தந்தித் துறை மந்திரியாக இருந்த ஆல்பர்ட் ஹெர்ட்சாக் தொலைக்காட்சி நாட்டைக் கெடுத்துவிடும் என்று பிடிவாதமாக மறுத்தார். கடைசியில் 1976 ஜனவரி 5-இல் ஒளிபரப்பு தொடங்கியது. விளம்பரம் இரண்டு வருடம் கழித்து, 1978 ஜனவரி 1-இல். அதாவது, இரண்டு வருடம் இந்த நாட்டில் விளம்பரமே இல்லாத தொலைக்காட்சி இருந்தது. அந்தக் காலத்தை ஞாபகம் வைத்திருக்கும் ஒரு பெரியப்பாவிடம் கேட்டேன். "விளம்பரம் வந்தப்புறம்தான் பாத்ரூம் போக நேரம் கிடைச்சுது" என்றார்.

இன்னொரு விஷயம். மூன்றாவது ஆளுக்கு எல்லோருடைய கவனமும் ஒரே விலை கிடையாது. தன் சரக்கை வாங்கக்கூடியவர் எங்கே கூட்டமாக இருக்கிறாரோ அங்கேதான் அவர் பணம் போடுவார். அந்தக் காலத் தென்னாப்பிரிக்காவில் அரசாங்கமே மக்களைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து வைத்திருந்தது. ஊரும் தனி, பள்ளியும் தனி, வானொலியும் தனி. 1983-இல் இந்திய வம்சாவளியினருக்காக ரேடியோ லோட்டஸ் வந்தபோது நமக்குப் பாட்டு கிடைத்தது. விற்பவர்களுக்கோ நம் காது மொத்தமாக ஒரே இடத்தில் கிடைத்தது. இரண்டும் உண்மை.

ஆசையைத் தயாரிப்பது

இதுவரை சொன்னது பணம் எப்படிப் புரண்டது என்பதைப் பற்றி. சமூகத்தின் மேல் இதன் தாக்கம் என்ன என்று கேட்டால், நான் எப்போதும் ஒரே உதாரணத்துக்குத்தான் வருவேன். அது நம் மண்ணிலிருந்தே தோண்டி எடுத்தது.

1867-இல் ஆரஞ்சு ஆற்றங்கரையில் ஹோப்டவுன் பக்கத்தில் வைரம் கிடைத்தது. அப்புறம் கிம்பர்லி. அதற்கு முன்னால் வைரம் என்றால் உண்மையிலேயே அபூர்வம். கிம்பர்லிக்குப் பிறகு கூடை கூடையாக வந்தது. கூடை கூடையாக வருவதற்கு விலை நிற்காது என்பது எந்தத் தக்காளிக்காரருக்கும் தெரியும். சுரங்கங்களை ஒன்றாகச் சேர்த்து 1888-இல் டி பியர்ஸ் கம்பெனி உருவானது. சந்தைக்கு எவ்வளவு விடுவது என்பதை ஒரே கை தீர்மானிக்க ஆரம்பித்தது. ஆனால் விற்பதைக் கட்டுப்படுத்தினால் போதாதே, வாங்கும் ஆசையும் வேண்டும். 1930-களின் பொருளாதார மந்தத்தில் அந்த ஆசை வற்றிப்போனது.

1938-இல் டி பியர்ஸ், அமெரிக்காவில் என்.டபிள்யூ. ஏயர் என்ற விளம்பர நிறுவனத்தைப் பிடித்தது. அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். 'எங்கள் வைரத்தை வாங்குங்கள்' என்று சொல்லவில்லை. டி பியர்ஸ் அங்கே கடையே வைத்திருக்கவில்லை. 'கல்யாணத்துக்குக் கேட்கும் பையன் வைர மோதிரத்தோடுதான் கேட்க வேண்டும்' என்ற வழக்கத்தை விற்றார்கள். நடிகைகளின் விரலில் மோதிரம் இருக்கும் படங்கள் பத்திரிகைகளுக்குப் போயின. பள்ளிக்கூடங்களுக்கு ஆட்கள் போய் வைரத்தைப் பற்றிப் பெண்பிள்ளைகளிடம் சொற்பொழிவு ஆற்றினார்கள். 1947-இல் அங்கே வேலை பார்த்த ஃபிரான்சஸ் ஜெரட்டி என்ற பெண் எழுதிய வரி, வைரம் என்றென்றைக்கும் என்பது. அந்த வரிக்குள் ஒரு கெட்டிக்காரத்தனம் ஒளிந்திருக்கிறது. என்றென்றைக்கும் வைத்திருக்க வேண்டியதை யாரும் திரும்ப விற்க மாட்டார்கள். பழைய வைரம் சந்தைக்கு வந்து விலையைக் கெடுக்காது.

ஜப்பானில் பெண்ணுக்கு வைர மோதிரம் போடும் பழக்கமே முன்பு இருந்ததில்லை. 1960-களில் அங்கே இதே வேலையைத் தொடங்கினார்கள். 1967-இல் நிச்சயமான பெண்களில் 100-க்கு 5 பேருக்கும் குறைவாகத்தான் வைர மோதிரம் கிடைத்தது. 1981-இல் ஏறக்குறைய 60 பேருக்கு. பதினான்கே வருடத்தில் ஒரு தேசத்தின் கல்யாணச் சடங்கில் ஒரு பொருள் நுழைந்து, இருக்கையும் பிடித்துக்கொண்டது.

நம் வீடுகளில்? எங்கள் வகுப்புக்குப் பேத்தியைக் கூட்டிவரும் ஓர் ஆயா சொன்னார்: "எங்க காலத்துல வெத்தல பாக்கு மாத்தினா முடிஞ்சுது. இப்ப மோதிரம் இல்லாட்டி நிச்சயமே இல்லன்றா." தாலி, கூறைச்சேலை, மஞ்சள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அவற்றோடு முழங்காலில் நின்று நீட்டும் மோதிரமும், அதை எடுக்கும் வீடியோவும் சேர்ந்துகொண்டன. மோதிரத்துக்கு எத்தனை மாதச் சம்பளம் செலவழிக்கலாம் என்று ஒரு கணக்குச் சொல்வார்களே, அதுவும் விளம்பரத்தில் வந்ததுதான். அதை நம் பையன்கள் ஏதோ முன்னோர் வாக்குப்போல் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இதைக் கேட்டதும் விளம்பரம் நம் மூளையைச் சலவை செய்கிறது என்று முடிவு கட்டத் தோன்றும். அவ்வளவு சுலபம் இல்லை. எவ்வளவோ பணம் கொட்டியும் விலைபோகாத சரக்குகள் ஏராளம். விளம்பரம் பிடித்து ஏறுவதற்கு ஒரு கொழுகொம்பு வேண்டும். பிரியம், பயம், கௌரவம், பொறாமை என்று ஏதாவது ஒன்று மனதில் ஏற்கெனவே இருக்க வேண்டும். காதல் இல்லாத ஊரில் மோதிரம் விற்காது.

அதே நேரம், ஏற்கெனவே இருக்கும் அழுக்கிலும் அது நன்றாகவே படரும். தோல் வெளுக்கும் க்ரீம்கள் அப்படி. 'பொண்ணு சிவப்பா இருக்கணும்' என்பது எந்த விளம்பரக் கம்பெனியும் நமக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை, அது நம் சொந்தச் சரக்கு. தோல் நிறத்தைப் பார்த்தே மனிதனுக்கு எங்கே வீடு, என்ன வேலை என்று சட்டம் போட்ட இந்த நாட்டில் அந்த க்ரீம்கள் சக்கைப்போடு போட்டன. அவற்றில் இருந்த ஹைட்ரோகுவினோன் வருடக்கணக்கில் பூசியவர்களின் கன்னத்தில் கருநீலத் திட்டுகளை உண்டாக்கியது. தோல் மருத்துவர்களும் கறுப்பின விழிப்புணர்வு இயக்கத்தினரும் விடாமல் குரல் கொடுத்தார்கள். 1990-இல் வந்த விதிகள் அந்த ரசாயனத்தை அழகுசாதனப் பொருட்களிலிருந்து தடை செய்தன. அதோடு நிற்காமல், வெளுக்கும், நிறம் கூட்டும் என்று விளம்பரத்தில் சொல்வதையும் தடுத்தன. எதை விற்கலாம் என்பதோடு எதைச் சொல்லி விற்கலாம் என்பதிலும் கைவைத்த சட்டம் அது. பிறகு சொற்கள் வேஷம் மாறின. 'பொலிவு' வந்தது, 'சீரான நிறம்' வந்தது. இந்தியாவில் புகழ்பெற்ற ஃபேர் அண்ட் லவ்லிகூட 2020-இல் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டு 'க்ளோ' ஆனது. வாங்குபவர்களுக்கு அர்த்தம் புரியாமலா இருக்கும்?

ஒரு குதிரைப் பந்தயத்தின் மூன்று பெயர்கள்

டர்பன்காரர்களுக்கு ஜூலை என்றால் மாதத்தின் பெயர் மட்டும் அல்ல, கிரேவில் மைதானத்தில் 1897 முதல் நடக்கும் குதிரைப் பந்தயமும்தான். வெகுகாலம் அது 'ராத்மன்ஸ் ஜூலை'. ராத்மன்ஸ் ஒரு சிகரெட். பந்தயத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம், குழந்தைகள்கூட, ஒரு சிகரெட்டின் பெயரைச் சொன்னார்கள். இதற்குத்தான் ஸ்பான்சர் என்று பெயர்: விளம்பர நேரத்தை வாங்காமல் நிகழ்ச்சியின் பெயரையே வாங்கிவிடுவது. நடுவில் எழுந்து பாத்ரூம் போய்த் தப்பிக்க முடியாது.

நெல்சன் மண்டேலா அரசில் சுகாதார மந்திரியாக இருந்த நிகோசசானா டிலாமினி-சூமா கொண்டுவந்த 1999-ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலை விளம்பரத்துக்கும் ஸ்பான்சருக்கும் முடிவு கட்டியது. பந்தயம் நின்றுவிடும், கிரிக்கெட் நின்றுவிடும் என்று ஏகப்பட்ட கூக்குரல். எதுவும் நிற்கவில்லை. செல்போன் காலம் பிறந்திருந்தது. பந்தயம் ஒரு செல்போன் கம்பெனியின் பெயரில் 'வோடகாம் டர்பன் ஜூலை' ஆனது. 2022 முதல் 'ஹாலிவுட்பெட்ஸ் டர்பன் ஜூலை'. இப்போது பில் கட்டுவது ஒரு சூதாட்டக் கம்பெனி. எந்தக் காலத்தில் யார் கையில் காசு புரண்டது என்று தெரிய வேண்டுமா? அந்தப் பந்தயத்தின் பழைய சுவரொட்டிகளை வரிசையாக ஒட்டிப் பார்த்தால் போதும்.

பந்தய விளம்பரங்கள் இன்று வானொலியில், பஸ்ஸில், கிரிக்கெட் மைதானத்தின் பெயரில், போனில் என்று எங்கும் இருக்கின்றன. என் கருத்தைக் கேட்டால், சிகரெட்டுக்குப் போட்ட கேள்விகளை இதற்கும் போட வேண்டிய நேரம் வந்துவிட்டது. மாதக் கடைசியில் ஏர்டைம் வாங்கக் காசில்லாத வீட்டுப் பையன்கள் எதில் 'லக்' பார்க்கிறார்கள் என்பது வகுப்பு எடுப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

பின்தொடரும் பந்தல்

இந்த நாட்டில் எல்லோரும் முதன்முறையாகச் சேர்ந்து வாக்களித்தது 1994 ஏப்ரல் 27. சரியாக ஆறு மாதம் கழித்து, அக்டோபர் 27 அன்று, அமெரிக்காவில் ஹாட்வயர்ட் என்ற இணையதளத்தில் ஏடி அண்ட் டி கம்பெனியின் சிறு பட்டை ஒன்று தோன்றியது. இணையத்தின் முதல் பேனர் விளம்பரங்களில் ஒன்று அது. தொட்டால் திறக்கும். தொட்டவர் எத்தனை பேர் என்று எண்ணவும் முடியும். அந்த 'எண்ணவும் முடியும்' என்பதில்தான் எல்லாம் மாறியது. பத்திரிகையில் விளம்பரம் போட்டவருக்கு யார் பார்த்தார்கள் என்பது ஊகம்தான்.

எங்கள் பக்கத்து வீட்டில் கல்யாணம். பந்தல் போட ஆள் வேண்டும் என்று அந்த அண்ணன் போனில் தேடினார். அவர் தட்டி முடிப்பதற்கும் திரையில் பதில் வருவதற்கும் நடுவில், கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவில், ஓர் ஏலம் நடந்து முடிகிறது. 'பந்தல்' என்று தேடுபவர் தொட்டால் இவ்வளவு தருகிறேன் என்று பந்தல்காரர்கள் முன்கூட்டியே விலை சொல்லி வைத்திருப்பார்கள். அதிக விலை சொன்னவருக்கே முதலிடம் என்று இல்லை; தேடியதற்கு விளம்பரம் எவ்வளவு பொருந்துகிறது, மக்கள் தொடும் வாய்ப்பு எவ்வளவு என்பதையும் பெருக்கிப் பார்த்துத்தான் வரிசை. அண்ணன் தொட்டால்தான் பந்தல்காரருக்குச் செலவு. கூகுளின் தாய்க் கம்பெனிக்கு வரும் வருமானத்தில் பெரும்பகுதி இப்படிப்பட்ட விளம்பரங்களிலிருந்துதான். தேடலும், வரைபடமும், யூடியூபும் நமக்கு இலவசமாக இருப்பதன் ரகசியம் 1833-இல் பெஞ்சமின் டே போட்ட கணக்குதான்.

கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்துக் கொண்டுபோய் மூன்று வாரம் ஆகியும், அண்ணன் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கும் இடத்திலெல்லாம் பந்தல் விளம்பரம் வந்துகொண்டே இருந்தது. "இன்னொரு கல்யாணம் பண்ணச் சொல்றாங்களா?" என்றாராம் அண்ணி. தேடியவர் யார் என்பதை போன் நினைவில் வைத்திருக்கிறது. தேவை முடிந்துவிட்டது என்பது அதற்குத் தெரியவில்லை. பழைய பத்திரிகைக்காரர் ஊரையே மொத்தமாக விற்றார். இப்போது விற்பனைக்கு இருப்பது தனித்தனி ஆள், அவருடைய வயது, ஊர், நேற்று எதைத் தேடினார் என்பது உட்பட. இங்கே போப்பியா என்று சுருக்கமாகச் சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் நிறைவேறி, 2021-இல் முழுமையாக அமலுக்கு வந்தது. நம் சம்மதம் இல்லாமல் முன்பின் தெரியாதவர்கள் எஸ்எம்எஸ்ஸிலும் மின்னஞ்சலிலும் விற்க வரக் கூடாது என்கிறது அது. ஒரு விளம்பரம் பொய் சொல்கிறது என்றால் விளம்பர ஒழுங்குமுறை வாரியத்திடம் யார் வேண்டுமானாலும் புகார் எழுதலாம், கட்டணம் கிடையாது. எழுதியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. என் எண்ணெய்க்கு நானும் எழுதவில்லை.

தமிழுக்கு யார் பில் கட்டுவார்?

1908-இல் டர்பனில் பி.எஸ். ஐயர் 'ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்' என்ற வாரப் பத்திரிகையை ஆங்கிலத்திலும் தமிழிலும் நடத்தினார். தமிழ் படிக்கிற, தமிழில் சாமான் பட்டியல் எழுதுகிற ஆட்கள் அப்போது இருந்தார்கள். இன்று இந்த ஊரில் தமிழில் ஒரு விளம்பரம் பார்க்க வேண்டுமென்றால் கோயில் நோட்டீஸுக்குத்தான் போக வேண்டும். அதிலும் மேலே ஒரு வரி தமிழ், கீழே மிச்சமெல்லாம் ஆங்கிலம். வானொலியில் தமிழ்ப் பாட்டு வருகிறது. பாட்டுக்கு நடுவில் காப்பீட்டுக் கம்பெனி ஆங்கிலத்தில் பேசுகிறது. மூன்றாவது ஆளுக்கு மொழிப்பற்றும் கிடையாது, மொழி வெறுப்பும் கிடையாது. நான்கு பேருக்குப் புரியும் மொழியைவிட நாற்பது பேருக்குப் புரியும் மொழியில் பேசுவார், அவ்வளவுதான். ஆனால் அவர் பேசாத மொழியில் பத்திரிகை நடத்துவது கடினம், பத்திரிகை இல்லாத மொழியில் வாசகர் வளர்வது அதைவிடக் கடினம். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்குப் போனால் படிக்கத் தமிழில் ஒரு தாள்கூடக் கிடையாது, எண்ணெய் ஸ்பெஷல் தாள் உட்பட.

விளம்புதல் என்றால் சொல்லுதல். கன்னியாகுமரிப் பக்கம் சாப்பாடு பரிமாறுவதையும் விளம்புதல் என்பார்கள். கேட்காமலே இலையில் வைத்துவிட்டு நகர்வது என்று எடுத்துக்கொண்டால் அந்தப் பொருளும் பொருத்தமாகத்தான் படுகிறது. இதைச் சொல்லி, ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்கு முழுக்கத் தமிழிலேயே ஒரு விளம்பரம் தயாரியுங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை, போர்டைப் பற்றி முதலில் கேட்ட பையன்தான் பெரிய அட்டையோடு வந்தான். நடுவில் கூழ்ப்பானை, நன்றாகவே வரைந்திருந்தான். 'வாங்க, குடிங்க, காசு வேண்டாம்' என்று எழுதியிருந்தான். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. இரண்டு முனையிலும் மட்டும் கட்டம் கட்டிக் காலியாக விட்டிருந்தான்.

"இது என்னடா?"

"அச்சடிக்கக் காசு வேணும்ல டீச்சர். டீ ரூம் அங்கிள்கிட்ட பேசிட்டேன். ஒரு பக்கம் அவரோடது. இன்னொரு பக்கம் யாருக்குன்னு இன்னும் விலை பேசல."